கட்டற்ற மென்பொருளில் இணையத் தொலைபேசி: அறிகுறியைக் கொண்டு பிழை கண்டறியும் வழிமுறை

உபுண்டு 8.04-ஐ நிறுவியபோது அதனுடன் வந்த எகிகா என்ற இணையத் தொலைபேசிச் செயலியில் 500 என்ற சோதனை எண்ணை அழைத்து, நான் பேசியது எனக்கே திரும்பிக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இணையத் தொலைபேசியின் மீது தீராத ஈடுபாடு உண்டு. இன்று எங்கள் குடும்பத்தின் ஆறு தொலைபேசிகள், வாடகைக்கு எடுத்த சிறிய வழங்கி ஒன்றில் டெபியன் லினக்ஸ் மீது இயங்கும் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளில் இணைந்திருக்கின்றன. மதுரையில் அம்மாவின் மேசைமேல் இருக்கும் ஐ.பி. தொலைபேசிக்கு 101 என்றும், சிங்கப்பூரில் அக்காவின் கைப்பேசியில் உள்ள லின்ஃபோன் செயலிக்கு 104 என்றும் எண் கொடுத்திருக்கிறேன். பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இதை இணைக்கவில்லை. எங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டுமே இது. இத்தனை ஆண்டுகளில் நான் சந்தித்த பழுதுகளில் பெரும்பாலானவை சில அறிகுறிகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதால், அறிகுறியில் தொடங்கிக் காரணத்தைத் தேடிச் செல்லும் வரிசையில் இதை எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்

ஓர் இணைய அழைப்பு இரண்டு தனித்தனிப் பாதைகளில் செல்கிறது. யார் யாரை அழைக்கிறார், எடுத்தாரா, வைத்துவிட்டாரா என்ற செய்திகள் எஸ்.ஐ.பி. நெறிமுறையில், வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட வாயில்) செல்கின்றன. குரலோ ஆர்.டி.பி. என்ற வேறொரு நெறிமுறையில், அழைப்புக்கு அழைப்பு மாறும் வேறு போர்ட்டுகளில் செல்கிறது. மணி அடிக்கிறது என்பதற்காகக் குரல் கேட்டே ஆகவேண்டும் என்பதில்லை. எந்தப் பாதையில் பழுது என்று அறியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், இருந்த பிழையோடு நாம் உண்டாக்கிய பிழையும் சேர்ந்துகொள்ளும். பிறகு இரண்டையும் பிரித்தறிவது மிகவும் கடினம்.

ஆகவே இரண்டு கருவிகளை முதலில் ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, எஸ்என்கிரெப். டெபியன் களஞ்சியத்திலேயே கிடைக்கும் இந்தச் சிறு நிரலை வழங்கியின் முனையத்தில் ரூட் உரிமையுடன் இயக்கினால், ஒவ்வொரு அழைப்பும் ஒரு வரியாகத் தோன்றும். வரியைத் தேர்ந்து எண்டர் விசையை அழுத்தினால், எந்தச் செய்தி எங்கிருந்து எங்கே போயிற்று என்பது அம்புக்குறிகளாக விரியும். செய்திகள் டி.எல்.எஸ். மூலம் மறையாக்கப்பட்டிருந்தால் எஸ்என்கிரெப்பால் இயல்பாக அவற்றைப் படிக்க இயலாது. அப்போது ஆஸ்டரிஸ்க்கின் கட்டளைத் திரையில் ‘பிஜேசிப் செட் லாகர் ஆன்’ என்று இட்டுப் பார்க்கலாம். பிஜேசிப் என்பது ஆஸ்டரிஸ்க்கில் எஸ்.ஐ.பி.யைக் கையாளும் கூறு. மற்றொன்று, எதிரொலி எண். ஆஸ்டரிஸ்க்கின் டயல் திட்டத்தில் 600 என்ற எண்ணுக்கு ‘எக்கோ’ என்ற பயன்பாட்டைக் கொடுத்துவிட்டால், அதை அழைப்பவரின் குரலை வழங்கி அவருக்கே திருப்பி அனுப்பும். இருவர் பேசும் அழைப்பை இது பாதியாக வெட்டி, ஒரு தொலைபேசிக்கும் வழங்கிக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் சோதிக்க உதவுகிறது.

மூடிய செயலிகளில் ‘அழைப்பு தோல்வியடைந்தது’ என்ற ஒற்றை வரியோடு நம்மை நிறுத்திவிடுவார்கள். இங்கோ ஒவ்வொரு செய்தியையும் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம், தேவைப்பட்டால் மூலநிரலையே திறந்து பார்க்கலாம். கட்டற்ற மென்பொருளை நான் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் இதுவே.

தொலைபேசி வழங்கியில் பதிவாகவில்லை

எஸ்என்கிரெப்பில் பதிவுக் கோரிக்கை வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வந்து, வழங்கி 401 என்று பதிலளித்தால் அதைக் கண்டு கலங்க வேண்டாம். கடவுச்சொல்லைக் கேட்கும் முறையே அது, முதல் கோரிக்கைக்கு எப்போதும் அப்படித்தான் பதில் வரும். இரண்டாம் கோரிக்கைக்கும் மூன்றாவதற்கும் 401 தொடர்ந்தால் மட்டுமே பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று பொருள். இரண்டில் எது தவறு என்று ஆஸ்டரிஸ்க் வேண்டுமென்றே சொல்லாது. சொன்னால் எந்தப் பெயர்கள் உள்ளன என்பதை வெளியார் கண்டுபிடித்துவிடுவார்கள். 403 வந்தால், அந்தக் கணக்கில் அனுமதித்த எண்ணிக்கையைவிடக் கூடுதலான கருவிகள் பதிவாக முயல்கின்றனவா என்று பாருங்கள். ‘மேக்ஸ் காண்டாக்ட்ஸ்’ 1 என்று இருக்கும்போது, பழைய கைப்பேசியில் லின்ஃபோனை நீக்காமல் புதியதில் நிறுவினால் இது நேரும். 404 என்றால், பிஜேசிப் கோப்பில் ‘ஏ.ஓ.ஆர்.’ பகுதியின் பெயர் பயனர் பெயரோடு பொருந்தவில்லை.

கோரிக்கை வழங்கிக்கு வருகிறது, ஆனால் எந்தப் பதிலும் போகவில்லை, அதே கணக்கு வேறொரு இணைய இணைப்பில் உடனே பதிவாகிறது என்றால், தவறான முயற்சிகளைத் தடுக்கும் நிரலான ஃபெயில்2பேன் உங்கள் வீட்டு முகவரியையே தடுத்திருக்கக்கூடும். தவறான கடவுச்சொல்லோடு ஒரு தொலைபேசி நாள் முழுதும் முயன்றுகொண்டிருந்தால் வீட்டின் எல்லாத் தொலைபேசிகளும் சேர்ந்து வெளியே தள்ளப்படும்.

பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி ‘சிப் ஷோ பியர்ஸ்’ என்ற கட்டளையை இட்டு, அப்படியொரு கட்டளையே இல்லை என்ற பதிலைப் பெறுபவர்கள் உண்டு. 2023-இல் வந்த ஆஸ்டரிஸ்க் 21-இலிருந்து அந்தக் கட்டளையைத் தந்த பழைய எஸ்.ஐ.பி. கூறு முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. பிஜேசிப் மட்டுமே உள்ளது.

பதிவாகிறது, ஆனால் அழைத்தால் எந்தப் பதிலும் இல்லை

இதைக் கண்டறிய எனக்கு மூன்று மாலைகள் ஆயின. பதிவுக் கோரிக்கைகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன; ஆனால் லின்ஃபோனில் எண்ணை அழுத்தினால் வழங்கியில் ஒரு வரிகூடத் தோன்றவில்லை. தொலைபேசியின் பதிவேட்டிலோ அழைப்புக் கோரிக்கை மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டிருந்தது. காரணம் அதன் நீளம். பதிவுக் கோரிக்கை சில நூறு பைட்டுகளே. அழைப்புக் கோரிக்கையில் தொலைபேசிக்குத் தெரிந்த ஒவ்வொரு கோடெக்கும் (குரலை எண்மமாக்கும் முறை), காணொளிக்கான வரிகளும், மறையாக்கச் சாவிகளும் சேர்ந்து 1500 பைட்டைத் தாண்டிவிடுகின்றன. அப்படித் தாண்டிய யு.டி.பி. (வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்யாமல் அனுப்பும் முறை) பொதி துண்டுகளாக உடைகிறது. இடையிலுள்ள ஏதோவொரு ரவுட்டர் இரண்டாம் துண்டை வீசியெறிந்துவிட்டால் முழுச் செய்தியும் இல்லாமற்போகும். பாதையின் அளவு தெரியாதபோது 1300 பைட்டைத் தாண்டும் கோரிக்கையை யு.டி.பி.யில் அனுப்பக் கூடாது என்று 2002-இல் வெளியான எஸ்.ஐ.பி. தரமான ஆர்.எஃப்.சி. 3261 தெளிவாகவே சொல்கிறது. எல்லாக் கருவிகளும் அதைப் பின்பற்றுவதில்லை.

கணக்கின் அமைப்பில் யு.டி.பி.யை விட்டு டி.சி.பி.க்கோ டி.எல்.எஸ்.க்கோ மாறுங்கள். மாற இயலாத பழைய மேசைத் தொலைபேசி என்றால், ஓபஸ், ஏ-லா ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கோடெக்குகளை அணைத்துவிடுங்கள். ஓபஸ் அதற்குத் தெரியாதென்றால் ஏ-லா ஒன்றே போதும்.

வெளியே அழைக்க முடிகிறது, உள்ளே வரும் அழைப்புக்கு மணி அடிக்கவில்லை

செயலியைத் திறந்த உடனே அழைத்தால் மணி அடிக்கிறது, ஐந்து நிமிடம் கழித்து அழைத்தால் அடிக்கவில்லை என்றால், காரணம் வீட்டு ரவுட்டரின் நேட் (உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் முறை) அட்டவணை. உள்ளிருந்து ஒரு பொதி வெளியே போகும்போது ரவுட்டர் திறந்துவைக்கும் வழியை, போக்குவரத்து இல்லாவிட்டால் அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்களுக்குள் மூடிவிடும். அதன்பின் வழங்கி அனுப்பும் அழைப்பு மூடிய கதவில் முட்டி நிற்கும். ஆஸ்டரிஸ்க்கில், வழங்கி தொலைபேசியை அவ்வப்போது தட்டிப் பார்க்கும் இடைவெளியான ‘குவாலிஃபை ஃப்ரீக்வன்சி’ என்பதை 25 நொடி என்று வையுங்கள். பிஜேசிப்பில் இதன் இயல்பு மதிப்பு 0, அதாவது அணைந்தே இருக்கும்.

ஆண்ட்ராய்டில் இதைச் செய்தும் பயனில்லை என்றால், பேட்டரிச் சிக்கன அமைப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு அளிக்க வேண்டும். ஐஃபோனில் புஷ் அறிவிப்பு இல்லாமல் இது முழுமையாகத் தீராது.

ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிறது

இதைவிடப் பரவலான பழுதை நான் கண்டதில்லை. இதைப் புரிந்துகொண்டவருக்கு இணையத் தொலைபேசியின் பாதி புரிந்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா வீடு மாறிய வாரத்தில் அவர் பேசுவது அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மா பேசுவது அக்காவுக்குக் கேட்கவில்லை. இருவரையும் தனித்தனியே 600-ஐ அழைக்கச் சொன்னேன். அம்மாவுக்கு அவர் குரல் திரும்பி வந்தது, அக்காவுக்கு வரவில்லை. ஆகப் பழுது வழங்கிக்கும் அக்காவுக்கும் இடையே, அதிலும் வழங்கியிலிருந்து அக்காவை நோக்கிச் செல்லும் திசையில். எஸ்என்கிரெப்பில் அக்காவின் அழைப்புக் கோரிக்கையைத் திறந்து, அதன் உடலில் உள்ள, குரலை எங்கே எப்படி அனுப்புவது என்று சொல்லும் எஸ்.டி.பி. பகுதியைப் படித்தேன். அங்கே இந்த இரண்டு வரிகள் இருந்தன:

சி=ஐஎன் ஐபி4 192.168.1.7
எம்=ஆடியோ 7078 ஆர்டிபி/ஏவிபி 96 8 101

‘எனக்கான குரலை 192.168.1.7 என்ற முகவரியில், 7078 என்ற போர்ட்டில் கொண்டுவந்து கொடு’ என்பது இதன் பொருள். கடைசியில் உள்ள எண்கள் பெரும்பாலும் கோடெக்குகளைக் குறிப்பவை. 8 என்பது ஏ-லா. லின்ஃபோன் சொன்னதில் பொய்யில்லை, அந்தக் கைப்பேசிக்கு வீட்டுக்குள் அதுதான் முகவரி. ஆனால் 192.168 என்றோ 10 என்றோ 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கும் முகவரிகள் அந்தந்த வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வழங்கி அதை நம்பி அனுப்பிய குரல் எங்கும் போய்ச் சேரவில்லை. அக்காவின் குரலோ வழங்கியின் பொது முகவரியைத் தேடி வந்ததால் சிக்கலின்றி வந்தது.

தீர்வு, சொன்ன முகவரியை விட்டு, குரல் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்புமாறு வழங்கிக்குச் சொல்வது. பிஜேசிப்பில் அந்தத் தொலைபேசியின் ‘எண்ட்பாயிண்ட்’ பகுதியில் ‘ஆர்டிபி சிமெட்ரிக்’, ‘ஃபோர்ஸ் ஆர்போர்ட்’, ‘ரீரைட் காண்டாக்ட்’ ஆகிய மூன்றுக்கும் ‘யெஸ்’ என்று கொடுக்க வேண்டும். முதலாவது குரலுக்கு, மற்ற இரண்டும் அழைப்புச் செய்திகளுக்கு. அக்காவின் கணக்கில் நான் முதலாவதை விட்டுவிட்டிருந்தேன். பழைய வீட்டில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே அவருடைய ரவுட்டரே முகவரியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது.

இதே நோய் வழங்கியின் பக்கமும் வரும். மேகச் சேவைகளில் வாடகைக்கு எடுக்கும் கணினிகள் பலவற்றுக்கு உள்ளே ஒரு தனி முகவரியும் வெளியே ஒரு பொது முகவரியும் இருக்கும். வழங்கி தன் பதிலில் உள் முகவரியை எழுதியனுப்பினால், எந்தத் தொலைபேசியின் குரலும் அதை எட்டாது. அப்போது போக்குவரத்துப் பகுதியில் ‘எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்’, ‘எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்’ ஆகியவற்றில் பொது முகவரியையும், ‘லோக்கல் நெட்’ என்பதில் உள் வலையமைப்பையும் குறிப்பிட வேண்டும். தீயரணில் 5060-ஐ மட்டும் திறந்துவிட்டுக் குரலுக்கான போர்ட்டுகளை மறந்துவிடுவதும் உண்டு. ஆஸ்டரிஸ்க்கின் மாதிரிக் கோப்பில் அவை 10000 முதல் 20000 வரையிலான யு.டி.பி. போர்ட்டுகள்.

மேலே சொன்ன, முகவரியை மாற்றி எழுதும் ரவுட்டர் அம்சத்துக்கு எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று பெயர். உதவுவதற்காகவே உருவாக்கப்பட்டது, ஆனால் நான் பார்த்த வீட்டு ரவுட்டர்களில் இது உதவியதைவிடக் கெடுத்ததே அதிகம். முகவரியை மாற்றிவிட்டுப் போர்ட்டை மாற்றாமல் விடும், ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் விட்டுவிடும். தொலைபேசியின் பதிவேட்டில் உள்ள எஸ்.டி.பி.யையும் வழங்கிக்கு வந்து சேர்ந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ரவுட்டரின் பக்கத்தில் இதை அணையுங்கள். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடத்தில் அந்தப் பொத்தானே இல்லாவிட்டால், வழங்கியை 5060 அல்லாத வேறொரு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதைவிடச் சிறந்தது டி.எல்.எஸ்., ஏனென்றால் படிக்க முடியாத செய்தியை ரவுட்டரால் திருத்தவும் முடியாது.

முதல் ஓரிரு நொடி இருவருக்கும் கேட்டு, பிறகு ஒலி அடங்கிப்போனால் அது வேறு கதை. அழைப்பு இணைந்ததும் ஆஸ்டரிஸ்க் தான் விலகிக்கொண்டு, இரு தொலைபேசிகளும் நேரடியாகக் குரலைப் பரிமாறிக்கொள்ளச் சொல்கிறது. இருவரும் வெவ்வேறு நேட்டுகளுக்குப் பின்னால் இருந்தால் அது நடவாது. ‘டைரக்ட் மீடியா’ என்பதற்கு ‘நோ’ கொடுத்தால் தீரும்.

வழங்கியை வீட்டிலேயே வைக்க விரும்புபவர்கள், ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொடங்கினால் அது பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் முகவரி. வெளியிலிருந்து உங்கள் வழங்கியை யாரும் எட்ட முடியாது, உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. பொது முகவரியுள்ள ஒரு கணினிக்கு வயர்கார்டு என்ற மெய்நிகர் தனி வலையமைப்புச் சுரங்கம் அமைப்பதே வழி.

பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு துண்டிக்கப்படுகிறது

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள். எடுத்து 32 நொடியில் ஒவ்வொரு முறையும் துண்டிக்கப்பட்டால் காரணம் உறுதி. தொலைபேசியை எடுத்ததும் 200 என்ற பதில் போகிறது. அதற்கு ‘ஆக்’ என்ற ஒப்புகை திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அதே பதிலை மறுபடி மறுபடி அனுப்பி, அரை நொடியின் 64 மடங்கு காத்திருந்து, அதாவது 32 நொடியில், பதிலை அனுப்பிய முனை அழைப்பை முடித்துவிடும். குரல் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் இது நடக்கும், ஏனென்றால் குரலின் பாதை வேறு. எஸ்என்கிரெப்பில் 200 என்ற அம்பு பத்துப் பதினொரு முறை வரிசையாகத் தெரியும். அதன் ‘காண்டாக்ட்’ வரியில் எட்ட முடியாத உள் முகவரி இருக்கும். மேலே சொன்ன ‘ரீரைட் காண்டாக்ட்’, ‘எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்’ ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள்.

15 நிமிடத்தை ஒட்டித் துண்டிக்கப்பட்டால், அமர்வைப் புதுப்பிக்கும் செய்தி தொலைந்திருக்கிறது. இயல்பான அமர்வுக் காலம் 1800 நொடி, அதன் பாதியில் புதுப்பிப்பார்கள். இதிலும் பெரும்பாலும் நேட்டே குற்றவாளி. நேரம் ஒழுங்கின்றி மாறினால் இணைய இணைப்பையே சந்தேகியுங்கள்.

குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது

இணைப்பின் வேகம் போதவில்லை என்ற முடிவுக்கு உடனே வர வேண்டாம். ஏ-லா கோடெக்கில் 20 மில்லிநொடிக்கு ஒரு பொதி, அதில் 160 பைட்டுக் குரல், மேலுறைகள் 40 பைட்டு. நொடிக்கு 50 பொதிகள் என்று கணக்கிட்டால் ஒரு திசையில் நொடிக்கு 80 கிலோபிட் மட்டுமே. குரலைக் குலைப்பது பொதிகளின் வருகையில் ஏற்படும் சீரின்மைதான். பொதிகளை ஆராயும் வயர்ஷார்க் நிரலில் ‘டெலிஃபோனி’ பட்டியிலுள்ள ஆர்.டி.பி. பகுப்பாய்வைத் திறந்தால், எத்தனை பொதிகள் தொலைந்தன, வருகை எவ்வளவு தடுமாறியது என்பவை எண்களாகக் கிடைக்கும்.

வீட்டில் யாரோ ஒளிப்படங்களைப் பதிவேற்றும்போது மட்டும் குரல் உடைகிறதென்றால், ரவுட்டர் தன் வரிசையில் பொதிகளை அளவுமீறிச் சேர்த்துவைக்கிறது. ஒரு முனையத்தில் பிங் ஓட விட்டு, பதிவேற்றத்தைத் தொடங்கிப் பாருங்கள். 20 மில்லிநொடியாக இருந்தது பல நூறாக ஏறினால் ஐயமே இல்லை. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் பரிந்துரை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்கும் ரவுட்டராக இருந்தால், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்.க்யூ.எம். தொகுப்பை நிறுவி, பதிவேற்ற வேகத்தை உண்மையான வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வையுங்கள். எங்கள் வீட்டில் அன்றோடு அந்தப் புகார் நின்றது.

வைஃபையில் மட்டும் உடைந்தால் மேசைத் தொலைபேசிக்குக் கம்பி இழுத்துவிடுங்கள். கைப்பேசிக்கு ஓபஸ் கோடெக்கைக் கொடுங்கள். 2012-இல் தரமாக்கப்பட்ட இந்தக் கட்டற்ற கோடெக், தொலைந்த பொதியை அடுத்த பொதியிலுள்ள தகவலைக் கொண்டு ஓரளவு ஈடுசெய்யும் திறன் உடையது.

என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்கிறது

எதிரொலியைக் கேட்பவரின் கருவியில் பெரும்பாலும் பழுதிருக்காது. எதிர்முனையில் ஒலிபெருக்கியிலிருந்து வரும் உங்கள் குரலை அங்குள்ள மைக் எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. அவரை ஹெட்செட் அணியச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுவே. அவர் லினக்ஸ் மடிக்கணினியில் பேசுபவர் என்றால், பல்ஸ்ஆடியோவிலும் பைப்வயரிலும் உள்ள எதிரொலி நீக்கக் கூற்றை ஏற்றி, செயலியில் அந்த மைக்கைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்.

எண்களை அழுத்தினால் மறுமுனை உணரவில்லை

விசை ஒலிகளைக் குரலோடு கலந்து அனுப்பும் பழைய முறை, சுருக்கும் கோடெக்குகளில் சிதைந்துவிடும். தொலைபேசி, வழங்கி இரண்டிலும் ஆர்.எஃப்.சி. 4733 முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவிகளில் இதன் பெயர் 2833 என்று இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். மேலே காட்டிய எஸ்.டி.பி. வரியில் 101 என்பது அந்த முறைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் எண்.

அழைத்த உடனே 488 என்ற பதில் வந்தால் இரு முனைக்கும் பொதுவான கோடெக் இல்லை, அல்லது ஒரு முனை மறையாக்கத்தைக் கட்டாயமாக்கி மற்றது மறுக்கிறது.

நள்ளிரவில் மணி அடிக்கிறது, எடுத்தால் யாருமில்லை

அழைத்த எண் 100 என்றோ 1000 என்றோ தெரிந்தால், இணையம் முழுவதும் 5060 போர்ட்டைத் துழாவும் நிரல்கள் உங்கள் தொலைபேசியை நேரடியாகக் கண்டுவிட்டன. இவ்வழைப்புகள் வழங்கியின் வழியாக வராததால் அதன் பதிவேட்டில் இருக்கவே இருக்காது. தொலைபேசியின் அமைப்பில், பதிவான வழங்கியிடமிருந்து மட்டுமே அழைப்பை ஏற்கும் தெரிவை இயக்குங்கள். ரவுட்டரில் யாரேனும் 5060-ஐத் தொலைபேசிக்குத் திருப்பிவிட்டிருந்தால் நீக்குங்கள். வழங்கியின் பதிவேட்டிலும் இத்தகைய முயற்சிகள் நாள்தோறும் நிரம்பியிருக்கும். எண்ணையே கடவுச்சொல்லாக வைத்த கணக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது; நீளமான, தற்செயலாக உருவாக்கிய சொற்களையே வையுங்கள்.

இவற்றுள் எதிலும் அடங்காத பழுது

பிறரிடம் உதவி கேட்குமுன், பழுதான ஒரே ஓர் அழைப்பை மட்டும் எஸ்என்கிரெப்பிலிருந்து பிகேப் கோப்பாகச் சேமியுங்கள். ஆஸ்டரிஸ்க்கின் பதிப்பு எண், தொலைபேசியின் பெயரும் மென்பொருள் பதிப்பும், இரு முனைகளும் எந்த வகை இணைப்பில் உள்ளன, 600-ஐ அழைத்தபோது என்ன ஆயிற்று ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் கோப்பில் உள்ள பொது முகவரிகளையும், ‘ஆத்தரைசேஷன்’ என்று தொடங்கும் வரிகளையும் மறைத்துவிடுங்கள். அந்த வரியில் கடவுச்சொல் நேரடியாக இல்லாவிட்டாலும், எளிய கடவுச்சொல்லை அதிலிருந்து ஊகித்துவிட முடியும்.